அவ்வை இல்லம் கண்ட அன்னை

தமிழகப் பெண்மக்களின் முன்னேற்ற வரலாற்றைப் பேசப் புகுவோர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரை விட்டுவிட்டுப் பேச இயலாது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அடியெடுத்து வைத்த முதல் மாணவி. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி. அம்மன்றத்தின் துணைத் தலைவர் பதவியை ஏற்ற முதல் பெண்மணி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் தோழர் தோழியர் இந்த முதல்களையெல்லாம் ஆண்டோடு ஒப்பிப்பர். தேர்வுக்கு அது போதும். ஆனால் அம்மையாரின் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் செயல் அந்தப் பட்டியலில் அடங்குவதில்லை. வீட்டை விட்டு ஓடி வந்து நின்ற பெண்களுக்கு அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்வித் துறையில் பெயர் பெற்றவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்த மணத்தால் தந்தையாரை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். ஆகவே எந்தச் சாதியின் திண்ணையிலும் உரிமையோடு உட்கார முடியாத வீட்டில் பிறந்த பெண் அவர். ஒதுக்கப்பட்டவரின் வலியை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. பிறந்த வீட்டிலேயே அறிந்தார்.

பருவம் எய்தியதும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமியும் நிறுத்தப்பட்டார். ஆயினும் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருத்தி வந்து அமர்ந்தால் இளைஞர்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அஞ்சினார்கள். கெடப்போவது இளைஞர்களின் ஒழுக்கம் என்றால் தடுக்கப்பட வேண்டியவர் யார் என்று அப்போது எவரும் கேட்டதாகத் தெரியவில்லை! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1904-இல் அவர் கல்லூரி மாணவியானார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றியபோது, தாமே இன்னும் குழந்தையாய் இருக்கையில் குழந்தை பெற வந்த சிறுமியரை அவர் கண்டார். பிற்காலத்தில் சட்டமன்றத்தில் குழந்தை மணத்தை எதிர்த்து வாதாடுவதற்கு இந்த மருத்துவமனை அனுபவம் அவருக்குத் துணை நின்றது.

அவருடைய திருமணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் சுந்தர ரெட்டி அவரை மணக்க விரும்பியபோது அம்மையார் உடனே இசைந்துவிடவில்லை. தம்மைச் சமமானவராக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவர் ஏற்றுக்கொண்ட பின்னரே 1914-இல், 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி மணம் நடந்தது. அம்மையாருக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபத்தெட்டு. அக்காலக் கணக்கில் இது பாட்டியாகத் தயாராகும் வயது!

இந்த நிபந்தனையை எண்ணிப் பாருங்கள். கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன் என்று பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த நாட்டில், மணமேடைக்கு வருமுன்பே ஒரு பெண் சமத்துவத்தைப் பேசி முடிவு செய்திருக்கிறார். நாம் இன்றும் பெண் பார்க்கும் நாளில் நகையைப் பேசுகிறோம், சீர் பேசுகிறோம், மாப்பிள்ளை என்ன வேலை, வீடு சொந்தமா வாடகையா என்பதெல்லாம் பேசுகிறோம். கை நீட்ட மாட்டேன் என்று மாப்பிள்ளை சொல்ல வேண்டும் எனக் கேட்ட வீட்டை நான் இதுவரை கண்டதில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மையாரால் நிபந்தனை விதிக்க முடிந்தது. ஏனெனில் அவர் கையில் மருத்துவப் பட்டம் இருந்தது. சுந்தர ரெட்டி மறுத்திருந்தாலும் அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை. இந்த உண்மையை அம்மையார் நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்காலப் பணிகளே சான்று.

1926-இல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து சென்று திரும்பியவரை இந்திய மாதர் சங்கத்தார் சட்டமன்றத்துக்குப் பரிந்துரைத்தனர். நியமன உறுப்பினராகச் சென்ற அவர் 1927-இல் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டமன்றத்தில் அவர் எடுத்துக்கொண்ட செயல்கள் பல. பெண்ணின் திருமண வயதைப் பதினாறாகவும் ஆணின் வயதை இருபத்தொன்றாகவும் உயர்த்த வேண்டும் என்று வற்புறுத்தினார். 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயதோடு நின்றுவிட்டது. விபசாரத் தொழிலில் பெண்களைத் தள்ளுவோரைத் தண்டிக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1930-இல் வந்ததற்கும் அவர் உழைப்பு முதன்மையான காரணம். ஆயினும் அவர் பெயரோடு என்றும் இணைந்து நிற்பது தேவதாசி முறை ஒழிப்பே ஆகும்.

கோயிலில் பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணின் நிலையை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முறை ஏன் அவ்வளவு எளிதில் சாகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். கோயில் ஊழியத்துக்காக அக்குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் தொடர்ந்தால்தான் நிலம் நிலைக்கும். ஊழியம் தொடர வேண்டுமானால் அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். மகளைக் காப்பாற்ற நினைத்த தாய் நிலத்தை இழக்க வேண்டும். நிலத்தைக் காப்பாற்ற நினைத்தவள் மகளை இழக்க வேண்டும். பெற்ற தாய் மனமறிந்து இக்கொடுமையைச் செய்தாள் என்று மேடையில் வைவது எளிது. அம்மையார் வைவதோடு நிற்கவில்லை. 1929-இல் அவர் முயற்சியால் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. அதன்படி ஊழியத்தைக் கைவிட்ட பின்னும் மானிய நிலம் அப்பெண்களுக்கே உரியதாயிற்று. வெளியே வா என்று அழைப்பதற்கு முன் காலடியில் மண் இருக்கிறதா என்று பார்த்த சட்டம் இது. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் அதற்கு நெடுங்காலம் கழித்து, 1947-இல்தான் வந்தது. எனினும் எனக்கு 1929-இன் திருத்தமே பெரிதாகப் படுகிறது.

அவரை எதிர்த்தோர் பழமைவாதிகள் மட்டும் அல்லர். தேவதாசிப் பெண்களுள் ஒரு சாராரே அரசுக்கு மனுக் கொடுத்து எதிர்த்தனர். திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்கு ஆலயம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். அவர்கள் அஞ்சியதில் ஒரு பகுதி உண்மையாகவும் ஆயிற்று. அவர்கள் போற்றிய சதிர், வேறு குடும்பத்துப் பெண்களின் அரங்கேற்றத்தில் பரதநாட்டியம் எனப் புகழ்பெற்றது. வரலாறு பயிலும் மாணவி என்ற முறையில் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மறுபுறம், அதே மரபில் வளர்ந்து, பின்னர் அதிலிருந்து வெளியேறி, ஊர் ஊராகச் சென்று அம்முறையை எதிர்த்துப் பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார். முத்துலட்சுமி அம்மையார் மன்றத்தில் வாதாடினார். இராமாமிர்தம் அம்மையார் தெருவில் வாதாடினார்.

இனி அந்தக் கதவுக்கு வருகிறேன். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அக்காலத்திலேயே, தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த பெண்கள் சிலர் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தனர். சட்டம் பேசியவரை நம்பி வந்தார்கள். அம்மையார் அவர்களை மாணவியர் விடுதிகளில் சேர்க்க முயன்றார். சென்னையில் பிராமணப் பெண்களுக்கு என்று விடுதி இருந்தது; பிராமணர் அல்லாதார்க்கு என்றும் விடுதி இருந்தது. இரண்டிலும் இவர்களுக்கு இடமில்லை. சாதியால் பிரிந்து நின்றவர்கள் இந்தப் பெண்களை மறுப்பதில் மட்டும் ஒன்றுபட்டார்கள்!

அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். இவ்வாறு 1930, 31-ஆம் ஆண்டுகளில் உருவானதே அவ்வை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. அநாதைச் சிறுமியர், கைவிடப்பட்ட பெண்கள் எனத் துணையற்றோர் எவர் வந்தாலும் அங்கே சாதி கேட்கப்படவில்லை. வந்தவர்க்குச் சோறும் துணியும் கொடுத்ததோடு அம்மையார் நிறைவடையவில்லை. பள்ளி வைத்தார்; கைத்தொழில் கற்பித்தார்; ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் அவர்கள் தம் காலில் நிற்க வழி செய்தார். இல்லத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பெயரையும் கவனியுங்கள். ஔவையாரை நாம் எவருடைய மனைவியாகவும் நினைவுகூர்வதில்லை. அவருடைய அறிவால் நினைவுகூர்கிறோம். துணையில்லை என்று உலகம் இரங்கும் பெண்களின் இல்லத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

தேவதாசி முறை ஒழிந்துவிட்ட இந்நாளில் இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நான் ஆரணியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வருபவள். பட்டுத்தறி வீட்டுப் பெண். எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையைக் கட்டாத முகூர்த்தம் இந்த வட்டாரத்தில் குறைவு. அந்தச் சேலை எப்படி உருவாகிறது என்பதைச் சொன்னால் என் கருத்து விளங்கும். குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்பவர் பெரும்பாலும் கணவர். நூல் இழைப்பதும், தார் சுற்றுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும் மனைவி. அடுப்பில் உலை வைத்துவிட்டு ராட்டையின் முன் உட்கார்வாள். உலை கொதித்ததும் எழுந்து ஓடுவாள். சேலைக்கு இவ்வளவு என்று வரும் கூலி முதலாளி வீட்டு நோட்டில் கணவர் பெயரில் ஏறுகிறது. முன்பணமும் அவர் பெயரிலேயே. பாதி வேலை செய்தவளின் பெயருக்கு அந்த நோட்டில் ஒரு வரியும் இல்லை.

எல்லா வீடும் அடிக்கிற வீடு என்று நான் சொல்லவில்லை. என் தந்தையார் பாவு அறுந்தால்கூடக் குரல் உயர்த்தாதவர். ஆனால் தறிச் சத்தம் நின்ற பிறகு வேறு சத்தம் கேட்கும் வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இதில் படித்தவர் வீடும் உண்டு, படிக்காதவர் வீடும் உண்டு.

எங்கள் தெருவில் அவ்வாறு அடிபட்ட அக்கா ஒருவர் இருந்தார். இரவில் இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்து எங்கள் திண்ணையில் உட்காருவார். அம்மா உள்ளே அழைத்துப் படுக்க வைப்பார். விடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார் என்பார்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததால்தான் அவர் வெளியே வந்தார் என்பது அந்தப் பெரியவர்களுக்கு எட்டவில்லை. அவர் திரும்பிப் போவார். ஏன் போகிறீர்கள் அக்கா என்று ஒருமுறை கேட்டேன். தறி அங்கேதானே இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. கை நிறையத் தொழில் தெரிந்தவர்தான். ஆனால் தறி அந்த வீட்டில் இருந்தது. முன்பணக் கணக்கும் அந்த வீட்டோடு இருந்தது. வாடகைக்கு ஓர் அறை பிடித்தாலும் தரையைத் தோண்டிக் குழித்தறி போட எந்த வீட்டுக்காரர் விடுவார்? மானிய நிலத்தைப் பற்றி நான் படித்தபோது இந்த அக்காவின் முகமே என் கண்முன் வந்து நின்றது. கோயில் நிலத்தோடு கட்டப்பட்ட தாயும், வீட்டுத் தறியோடு கட்டப்பட்ட இந்தத் தாயும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டவர்கள் அல்லரோ?

கடைசியில் அவரை விடுவித்தது ஊர்ப் பஞ்சாயத்து அன்று. தெருப் பெண்கள் நான்கைந்து பேர் கூடி ஒரு வழி கண்டார்கள். கணவரை இழந்த பாட்டி ஒருவர் வீட்டில் நெய்ய ஆளில்லாமல் ஒரு தறி தூசி படிந்து கிடந்தது. அக்காவைப் பிள்ளைகளோடு அங்கே குடியேற்றினார்கள். எங்கள் அம்மா மாலையில் சென்று தார் சுற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் பள்ளி முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். முதலாளியிடம் பேசி, புதிய நோட்டில் அக்காவின் பெயரிலேயே கணக்குத் தொடங்கச் செய்தார்கள். முதல் சேலை அறுத்த அன்று அவர் கூலிப் பணத்தை எண்ணவில்லை. நோட்டில் தம் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடிபட்ட பெண்ணைக் கணவன் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது, அந்த வீட்டில் வாழும் உரிமை அவளுக்கு உண்டு என்று அது சொல்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். 181 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆரணியிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் உண்டு. அடைக்கலம் தரும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் 2015-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாவட்டங்கள்தோறும் ஏற்பட்டன. இவற்றை அறியாத மாணவ மாணவியர் அறிந்துகொள்ள வேண்டும், அதற்காகவே எழுதினேன். எனினும் அந்த மையத்தில் தங்குவதற்குத் திட்டம் வகுத்த கால அளவு ஐந்து நாள். திருவண்ணாமலையோ எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நள்ளிரவில் இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்தவளுக்கு முதலில் கிடைப்பது அடுத்த வீட்டுத் திண்ணைதான். ஆறாம் நாள் காலையில் அவள் எங்கே போவாள் என்ற கேள்விக்கும் அக்கம் பக்கத்தார்தாம் விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது. அவ்வை இல்லத்துக்கு வந்த பெண்ணை அம்மையார் ஆறாம் நாள் அனுப்பிவிடவில்லை; அவள் படித்து ஒரு தொழிலில் அமரும்வரை வைத்திருந்தார்.

அரசும் அம்மையாரை மறக்கவில்லை. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு உதவித் திட்டமும், கலப்பு மணம் புரிவோர்க்கான உதவித் திட்டமும் அவர் பெயரைத் தாங்கின. இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் வந்தது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவி. 2022-இல் அது உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமாயிற்று. தாலிக்குப் போன பணம் படிப்புக்கு வந்தது. அதுவும் மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்கே வந்தது. எங்கள் வகுப்பில் பல பெண்களுக்கு அவர்கள் பெயரில் எழுதப்பட்ட முதல் கணக்குப் புத்தகம் அதுதான்.

அம்மையாரின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். தங்கை ஒருவர் புற்றுநோயால் மாண்ட துயரம் அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாய் இருந்தது. நெடுநாள் முயன்று நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. 1956-இல் நடுவணரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாள் இருக்கையில், அவர் மறைந்தார். புகலிடம் மறுக்கப்பட்ட சில பெண்களோடு அவர் வீட்டில் தொடங்கிய அவ்வை இல்லம் அப்போது நாற்பது ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.